கற்பிக்கும் உரிமமும் எல்லைக் கோடும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு ‘கல்வியும் சுயதொழிலும்’ என்பதாகும். அது கடல் போன்ற தலைப்பு. நமக்கு ஒதுக்கப்பட்டதோ அரை மணி நேரம். ஆதலின் அக்கடலில் ஒரு கையளவு நீரை மட்டும் அள்ளிக்கொள்ள விரும்புகின்றோம். கற்பித்தலையே தொழிலாகக் கொள்ள முன்வரும் நம் இளைஞர் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரில் பயிற்சி நிலையம் தொடங்குங்கால், இன்ன பிள்ளைக்குக் கற்பிக்கலாம், இன்ன பிள்ளைக்குக் கற்பிக்கலாகாது என்று அந்நிறுவனம் விதிக்கின்ற வரம்பைப் பற்றியதே இவ்வுரை. இஃதென்ன சட்டக் கல்லூரிப் பாடமா என்று பின்வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகின்றது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகின்றோம். கடந்த ஈராண்டில் மட்டும் நம் இளைஞர் ஐவர் இத்தகைய ஒப்பந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நம் இல்லம் தேடி வந்தனர். ஐவரில் மூவர் கையெழுத்திட்ட பிறகே வந்தனர் என்பதுதான் நம்மை இத்தலைப்பைத் தேர்ந்துகொள்ளச் செய்தது.

நாம் அரசுப் பள்ளி ஆசிரியர். 2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சி நடத்தலாகாது என்று கூறுகின்றது. எனவே இத்தொழிலை நாம் நடத்தியவரும் அல்லேம்; நடத்த இயன்றவரும் அல்லேம். தாள்களைப் படித்தவர் என்ற அளவிலும், ஓர் இளைஞரின் இடர்ப்பாட்டை அருகிருந்து கண்டவர் என்ற அளவிலுமே பேசுகின்றோம்.

‘பிரான்சைஸ்’ என்று ஆங்கிலத்தில் வழங்குவதை நாம் இங்கு உரிமக்கிளை என்றே சொல்லிச் செல்வோம். பெயரும், பாடமும், புத்தகமும், கற்பிக்கும் முறையும் தலைமை நிலையத்தினுடையவை. இடமும், முதலும், உழைப்பும் உரிமம் பெற்றவருடையவை. தொடக்கத்தில் ஒரு தொகையும், பின்னர் ஒவ்வொரு மாணவர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கும் தலைமை நிலையத்திற்குச் செல்லும். இம்முறையில் உலகெங்கும் பரவிய கணக்குப் பயிற்சி ஒன்று, ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் 1954ஆம் ஆண்டு தம் மகனுக்காகத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள்களிலிருந்து பிறந்ததாகும். டோரு குமோன் என்பது அவர் பெயர். 1958இல் ஓசாகா நகரில் அலுவலகம் திறந்தார். நம்மைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியர் மகனுக்கு எழுதிய தாள், பல நாடுகளில் பல இலட்சம் பிள்ளைகளின் மேசையை அடைந்திருக்கின்றது என்பதை எண்ணுங்கால் வியப்பாகத்தான் இருக்கின்றது. நாம் எழுதிய தாள்கள் பள்ளியின் இரும்புப் பெட்டியைத் தாண்டவில்லை. அது நிற்க.

இத்தகைய ஒப்பந்தங்களில் ‘எல்லை’ என்றொரு விதி இருக்கும். ஓர் ஊரையோ, சில வார்டுகளையோ, சில அஞ்சல் குறியீட்டு எண்களையோ குறித்து, இதற்குள் மட்டுமே நீர் தொழில் நடத்தலாம் என்று அது வரையறுக்கும். இதில் தீமை ஏதுமில்லையே என்று எவருக்கும் தோன்றும். நமக்கும் அவ்வாறே தோன்றியது. கடன் வாங்கி நிலையம் திறந்தவரின் எதிர்த்தெருவிலேயே அதே பெயரில் மற்றொருவர் பலகை மாட்டினால் இருவரும் அழிவர். ஆகவே எல்லை என்பது உரிமம் பெற்றவருக்கு ஒரு வேலி. ஆயின் வேலி எப்பக்கம் பார்த்து நிற்கின்றது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நம் பள்ளியில் பயின்று, பின்னர்க் கணிதத்தில் இளங்கலைப் பட்டமும் பெற்ற ஓர் இளைஞர் இவ்வரங்கிலேயே அமர்ந்திருக்கின்றார். பெயர் சொல்லலாகாது என்று கேட்டுக்கொண்டுள்ளார், சொல்லோம். 2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில், மணிச்சட்டம் கொண்டு மனக்கணக்குப் பயிற்றும் ஒரு நிறுவனத்தின் உரிமத்தை அவர் பெற்றார். நுழைவுக் கட்டணம் 1,80,000 ரூபாய். தாட்கோ வழியாக வங்கிக் கடன் ஒரு பங்கு. தாயாரின் நகை ஒரு பங்கு. மாணவர் கட்டணத்தில் நூற்றுக்கு 25 தலைமை நிலையத்திற்கு. மூன்றாண்டு ஒப்பந்தம். ஆங்கிலத்தில் 34 பக்கங்கள். அவருக்குரிய எல்லை, நகராட்சியின் 1 முதல் 9 வரையுள்ள வார்டுகள். ஒரு வரைபடமும் இணைத்திருந்தனர். கடைத்தெரு மாடியில் நிலையம் திறந்தார். நாமே சென்று விளக்கேற்றி வைத்தோம்.

அவர் பிறந்து வளர்ந்த காலனி, நிலையத்திலிருந்து 600 மீட்டர் தொலைவில் இருப்புப்பாதைக்கு அப்பால் உள்ளது. அஃது ஊராட்சியைச் சேர்ந்தது, நகராட்சியில் இல்லை. இருப்புப்பாதைக்கு மேற்கே உள்ள பகுதி முழுவதும் வேறொரு உரிமதாரருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய நிலையம் நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஒரு பெரிய கிராமத்தின் ஊர்த்தெருவில் இருந்தது.

நம் பிள்ளை ஒருவன் கடைத்தெருவில் பலகை மாட்டி விட்டான் என்றால் காலனித் தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? “எங்க பிள்ளைக்கும் சொல்லிக் குடு தம்பி” என்று வந்தனர். ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு பிள்ளைகள் சேர்ந்தனர். பாதிக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு, தலைமை நிலையத்திற்குரிய பங்கைத் தம் கையிலிருந்து செலுத்தி வந்தார். நான்கு திங்கள் கழிந்தன. ஒருநாள் பதிவஞ்சலில் ஓர் அறிவிப்பு வந்தது. பிறருடைய எல்லையில் வசிக்கும் மாணவர்களைச் சேர்த்தது ஒப்பந்த மீறல் என்றும், 15 நாட்களுக்குள் அவர்களை நீக்காவிடில் உரிமம் இரத்தாகும் என்றும் அதில் கண்டிருந்தது. மாணவர் பதிவுச் சீட்டில் வீட்டு முகவரி எழுத வேண்டும். அந்த முகவரிதான் காட்டிக் கொடுத்தது.

அன்றிரவே ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தார். வரைபடத்தைத் தரையில் விரித்தார். “ஐயா, எனக்குக் குடுத்த படத்துல என் வீடே இல்லீங்க ஐயா” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

34 பக்கங்களையும் அன்றிரவு இருவரும் அகராதியின் துணையோடு படித்தோம். அவர் முழுவதும் படித்தது அதுவே முதன்முறை. இதற்காக அவரைக் கடிந்துகொண்டோம், இப்போதும் கடிந்துகொள்கின்றோம். சேர்க்கும் முன் தலைமை நிலையத்தை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அக்கரையிலிருந்த உரிமதாரரும் கடன் வாங்கித்தானே நிலையம் திறந்திருப்பார்? பதினொரு பிள்ளைகளின் கட்டணம் என்பது அவர் கடை வாடகையில் ஒரு பகுதியாயிற்றே? இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆயினும் படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. அவ்விதி, நிலையம் இருக்கும் இடத்தை மட்டும் வரையறுக்கவில்லை. வரும் பிள்ளை வசிக்கும் இடத்தையும் வரையறுத்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது, ‘நீ உன் கடையை அங்கே வைக்காதே’ என்பது. பின்னதோ, ‘உன் கடைக்கு வருபவனை எத்தெருவென்று கேள்’ என்பது.

எத்தெரு என்று கேட்கும் வழக்கத்தை நம்மவர்க்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெருநகரில் முகவரி என்பது கடிதம் வருவதற்கான குறிப்பு. நம் பகுதியிலோ முகவரியைச் சொன்னால் பிறப்பைச் சொன்னதாகின்றது. தலைமை நிலையத்தில் அமர்ந்து அந்த வரைபடத்தில் கோடு கிழித்தவர் நம் ஊரைப் பார்த்திரார். நம்மைப் பற்றிய நினைவே அவருக்கு இருந்திராது. இருப்புப்பாதை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதன்மேல் பென்சிலை ஓட்டினார். ஆனால் இருப்புப்பாதைக்கும், வாய்க்காலுக்கும், நெடுஞ்சாலைக்கும் அப்பால்தானே நம்மைக் குடிவைத்தார்கள்? ஆகவே எவர் எந்நோக்கத்தோடு கோடு கிழித்தாலும் அது பழைய கோட்டின்மேலேயே சென்று விழுகின்றது. இவ்வுரையில் நாம் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இதுதான்.

இங்கு நம் இளமைக் கால நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1986இல் நாம் பத்தாம் வகுப்பு. கணக்கில் தடுமாற்றம். ஊருக்குள் ஓர் ஆசிரியர் மாலை வேளையில் திண்ணையில் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தார். நல்லவர், பள்ளியில் நம்மிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நம் தந்தையார் கட்டணத்தைத் துண்டில் முடிந்துகொண்டு அவர் வீட்டு வாசலில் சென்று நின்றார். ஆசிரியர் இறங்கி வந்து, தெருமுனை வரை உடன் நடந்து, தாழ்ந்த குரலில், “ஒம் பையனச் சேத்தா மத்த பத்துப் பேரும் நின்னுடுவாங்கப்பா” என்றார். அவர் எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்துகொண்டவர் அல்லர். எவருக்குக் கற்பிப்பது என்ற வரம்பை அவருக்கு விதித்தவர்கள் அவருடைய மற்ற வாடிக்கையாளர்களே. நாம் ஆசிரியர் பணிக்கு வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆசிரியரை வெறுக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

இனி, சட்டம் என்ன சொல்கின்றது என்பதைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், தீண்டாமையை ஒழிக்கும் விதி, அதாவது இன்றைய 17ஆம் பிரிவு நிறைவேறியது. கடைகளிலும் பொது இடங்களிலும் சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்னும் இன்றைய 15ஆம் பிரிவின் விவாதமும் அதே நாளில்தான் நடந்தது. ‘கடை’ என்றால் எதுவரை என்ற ஐயம் எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் விடையிறுத்தார். தம்மை நாடி வருபவர்க்குத் தம் தொழிலைச் செய்து தர முன்வந்து அமர்ந்திருக்கும் ஒருவரின் இடம் எதுவோ அதுவே கடை என்னும் கருத்துப்பட, அச்சொல்லை மிக விரிந்த பொருளிலேயே கொள்ள வேண்டும் என்றார். 2011ஆம் ஆண்டு இராணுவ மருத்துவக் கல்லூரி ஒன்றின் சேர்க்கை பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் இவ்விளக்கத்தைக் கொண்டே, தனியார் கல்வி நிலையங்களும் அந்தச் சொல்லில் அடங்கும் என்று கூறியது. ஆக, நாம் மணிச்சட்டத்தை வைத்துக்கொண்டு மாடியில் அமர்ந்திருக்கும் இடமும் அவ்வாறு அடங்குவதே.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. தீண்டாமையின் பொருட்டுப் பொருள் விற்க மறுப்பதும், தொழில் செய்து தர மறுப்பதும் அதன் 6ஆம் பிரிவின்படிக் குற்றம். ஒரு திங்கள் முதல் ஆறு திங்கள் வரை சிறை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது.

ஆனால் இளைஞர்களே, ஒன்றைக் கவனியுங்கள். இச்சட்டங்கள் பிறப்பைக் கேட்டு மறுப்பதைத் தடுக்கின்றன. முகவரியைக் கேட்டு மறுப்பதைப் பற்றி அவை பேசவில்லை. ‘இம்மாணவர் 9ஆம் வார்டில் வசிக்கவில்லை’ என்று எழுதுவது சட்டத்தின் கண்ணில் வணிக விதி மட்டுமே.

வணிக விதியையும் நீதிமன்றங்கள் எளிதில் தள்ளிவிடுவதில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவிற்குச் செல்லாது என்கின்றது. இதைப் பிடித்துக்கொண்டு கரையேறலாம் என்று நாமும் முதலில் மகிழ்ந்தோம். ஆனால் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் கோகோ கோலா நிறுவனத்திற்கும் குஜராத்தில் அதன் பானத்தைப் புட்டியில் அடைத்துவந்த நிறுவனத்திற்கும் ஒரு வழக்கு நடந்தது. ஒப்பந்தம் நடப்பிலுள்ள காலத்தில் வேறு நிறுவனத்தின் பானத்தை அடைக்கலாகாது என்ற விதி செல்லுமா என்பது கேள்வி. உரிமக்கிளை ஒப்பந்தம் தொழிலைத் தடுப்பதன்று, தொழிலை வளர்ப்பது. எனவே ஒப்பந்தக் காலத்திற்குள் அத்தகைய கட்டு செல்லும் என்பது தீர்ப்பு. நம் மணிச்சட்ட நிலையமும் குளிர்பானப் புட்டியும் ஒரே சட்டத்தின்கீழ் வருகின்றன; என் செய்வது?

அயல்நாடுகளில் இதற்கென்றே விதிகள் உள்ளன. அமெரிக்காவில் 1979 முதல் நடப்பிலுள்ள விதியின்படி, உரிமம் தருவோர் முன்கூட்டியே ஒரு விவர ஏட்டைத் தரவேண்டும். இப்போது கையெழுத்திற்குக் குறைந்தது 14 நாட்கள் முன்னர். அதில் எல்லை பற்றித் தனியொரு பகுதி. தனி எல்லை தரப்போவதில்லை என்றால் அதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறொரு நுட்பம் உண்டு. பிறர் எல்லைக்குள் சென்று ஆள் சேர்ப்பதை ஒப்பந்தம் தடுக்கலாம். ஆனால் அங்கிருந்து தாமாகவே நாடி வருபவரை ஏற்பதைப் பொதுவாகத் தடுக்கலாகாது. 2022இல் புதுப்பித்த விதியிலும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. நம் இளைஞர் காலனியில் துண்டறிக்கை கொடுக்கவில்லை, ஒலிபெருக்கி கட்டவில்லை. தாய்மார்கள் தாமாகவே நடந்து வந்தனர். அங்கே என்றால் அவர் பக்கம் பேச ஒரு விதி இருந்திருக்கும். நம் நாட்டில் உரிமக்கிளைக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், எல்லை பிரிக்கும் ஒப்பந்தம் சந்தைப் போட்டியைக் கணிசமாகக் கெடுக்கின்றதா என்று மட்டுமே பார்க்கும். பதினொரு பிள்ளைகளால் எந்தச் சந்தை கெடும் என்று வழக்கறிஞர் நகைத்தார். நமக்கு நகைப்பு வரவில்லை.

இதற்கிடையில் வேறொன்று நிகழ்ந்தது. அறிவிப்பு வந்த பின்னர், இரண்டு தாய்மார்கள் விதியை மதித்தே அக்கரை நிலையத்திற்குப் பேருந்தேறிச் சென்றனர். எந்தத் தெரு என்று கேட்டார்கள், சொன்னார்கள். இடம் நிரம்பிவிட்டது என்ற மறுமொழி கிடைத்தது. அடுத்த வாரமே ஊர்த்தெருப் பிள்ளை ஒன்றை அங்குச் சேர்த்துக்கொண்டனர் என்று கேள்விப்பட்டோம். சான்று எங்கே என்று கேட்டால் எடுத்துக்காட்ட நம் கையில் தாள் ஏதுமில்லை. இடம் நிரம்பிவிட்டது என்பதற்கு யார் இரசீது தருகின்றார்?

ஆனால் அந்த இடத்தில் வழக்கின் உருவமே மாறிவிட்டது. ஒருவர் சேர்க்கலாகாது; மற்றவர் சேர்க்க மறுக்கின்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அப்பிள்ளைகளுக்கு அந்நிறுவனத்தின் பாடம் எந்த வாசலிலும் இல்லை. தெருவைக் கேட்டு மறுத்தல் வணிக விதி என்னும் போர்வைக்குள் இனியும் நிற்க இயலுமா? இதைத்தான் தலைமை நிலையத்திற்கு எழுதச் சொன்னோம். கோபமாக எழுதியிருந்த முதற்படியைக் கிழித்துப் போட்டு, மூன்றே கேள்விகளாகச் சுருக்கினோம். இப்பதினொருவரை அக்கரை நிலையம் சேர்த்துக்கொள்ளும் என்று எழுத்தில் தருவீர்களா? சேர்க்காவிடில், எம்மிடம் தொடர எழுத்தில் இசைவு தருவீர்களா? இரண்டும் இல்லையெனில், இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாது என்பதற்கான காரணத்தை எழுத்தில் தருவீர்களா? ஒப்புகைச் சீட்டுடன் பதிவஞ்சலில் அனுப்பினார்.

நாற்பது நாள் கழித்து விடை வந்தது. ஏற்கெனவே சேர்ந்த பதினொருவரும் நடப்பு நிலை முடியும்வரை தொடரலாம், புதியவரைச் சேர்க்கலாகாது. அக்கரை நிலையம் மறுத்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒருவகையில் வெற்றி என்றார் இளைஞர். பன்னிரண்டாவது பிள்ளையின் தாயார் அதை எப்படி ஏற்பார்?

வேலி எப்பக்கம் பார்த்து நிற்கின்றது என்று தொடக்கத்தில் கேட்டோமல்லவா? 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகளும் பயிற்சி நிலையங்களும் மூடப்பட்டன. தலைமை நிலையம் இணைய வழியில் தானே நேரடியாக வகுப்பு நடத்தத் தொடங்கியது. நம் இளைஞரின் ஒன்பது வார்டுப் பிள்ளைகளும் கைப்பேசியில் அதில் சேர்ந்தனர். எம் எல்லை அல்லவா என்று கேட்டார். தொலைவழிப் பயிற்சி தலைமை நிலையத்திற்கே உரியது என்று 27ஆம் பக்கத்தில் இருந்தது. அவர் காலனிக்குள் செல்லலாகாது. அவர்கள் அவருடைய வார்டுகளுக்குள் வரலாம்.

வரம்பு என்றாலே தீது என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க. 1892இல் ஆங்கில அரசு நம் முன்னோர்க்கு அளித்த பஞ்சமி நிலத்திற்கும் ஒரு வரம்பு இருந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலைமை குறித்து அளித்த அறிக்கையின் பயன் அது. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. பின்னரும் நம்மவரைத் தவிரப் பிறருக்கு விற்கலாகாது. யாருக்கு விற்கலாம் என்று கட்டுப்படுத்திய விதிதான். ஆனால் அது வலியவர் கையிலிருந்து எளியவரைக் காக்க எழுந்த விதி. அந்த விதி எழுத்திலிருந்தும் பெரும்பகுதி நிலம் எங்கே போயிற்று என்பதை இங்குள்ள பெரியவர்கள் நம்மைவிட நன்கு அறிவர். தாளை வைத்திருந்தவர்க்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்தவர் அதை மறைத்தார்.

ஆகவே கையெழுத்திடப் போகும் தம்பிமார், தங்கைமார் சிலவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். எல்லை என்பது நிலையத்தின் இடத்தைப் பொறுத்ததா, மாணவரின் வீட்டைப் பொறுத்ததா என்பது முதற்கேள்வி. இதை எத்தனை முறை சொன்னாலும் நமக்கு அலுக்காது. துண்டறிக்கை கொடுப்பதை மட்டும் தடுக்கின்றார்களா, தாமே வருபவரைச் சேர்ப்பதையும் தடுக்கின்றார்களா? உங்கள் எல்லைக்குள் தலைமை நிலையமே வரலாமா, இணைய வழியில் வரலாமா? அண்டை உரிமதாரர் ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் யார் சேர்ப்பது? வழக்கென்று வந்தால் எந்த ஊரில் நடக்கும்? நம் இளைஞரின் ஒப்பந்தத்தில் தில்லி என்று எழுதியிருந்தது. வாயால் சொல்லும் விடை வேண்டா. கடிதம் எழுதிக் கடிதமாகப் பெறுக. கூடவே, 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி நெறி ஒன்று, 16 வயது நிரம்பாதவரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கலாகாது என்கின்றது. அதை எந்த மாநிலம் எவ்வாறு ஏற்றுள்ளது, எத்தகைய மையங்களுக்குப் பொருந்தும் என்பதையும் தொடங்குமுன் கேட்டுக்கொள்ளல் நலம்.

2021 ஜூன் திங்களில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. நம் இளைஞர் புதுப்பிக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஈராண்டுகள் ஐந்து கிலோமீட்டருக்குள் மனக்கணக்குப் பயிற்சி நடத்தலாகாது என்றொரு விதி இருந்தது. இங்கேதான் 27ஆம் பிரிவு கைகொடுத்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் ஒருவரின் தொழிலைக் கட்டும் விதி செல்லாது என்பதை நம் நீதிமன்றங்கள் தொடர்ந்து கூறி வந்துள்ளன. 1980ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் அவ்வாறானதே. ஆனால் அவர்கள் பெயரும் புத்தகமும் அவர்களுடையவை. பலகையைக் கழற்றினார், புத்தகங்களைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பி இரசீது பெற்றார், பயிற்சித் தாள்களைத் தாமே புதிதாக எழுதினார். ஓர் அறிவிப்பு வந்தது. வழக்கறிஞர் வழியே விடை சென்றது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

இன்று அவர் நிலையத்தில் 64 பிள்ளைகள். அவர்களுள் 23 பேர் காலனிப் பிள்ளைகள். எவரையும் தெரு கேட்டுச் சேர்ப்பதில்லை; எவரையும் தெரு பார்த்து அமர்த்துவதுமில்லை. கடைத்தெருக் குடும்பங்கள் மூன்று, காரணம் சொல்லாமல் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. இளைஞர் ஒருவர் வீட்டிற்கும் சென்று கேட்கவில்லை. மாத வருவாயில் குறைந்தது. தாயாரின் வளையல் ஓராண்டு கூடுதலாக அடகில் இருந்தது. 1986இல் திண்ணை ஆசிரியர் அஞ்சியது வெறும் அச்சமன்று என்பதை அப்போது அறிந்தோம். இழப்பு மெய்தான், அதைச் சுமக்க ஒருவர் வேண்டும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நாமும் இத்தோடு அமர்ந்திருப்போம். சென்ற திங்கள் அவர் மீண்டும் நம் வீட்டிற்கு வந்தார். அடுத்த ஊரைச் சேர்ந்த நம் சமூகத்துப் பட்டதாரிப் பெண் ஒருவர், அவருடைய பெயரையும் தாள்களையும் கொண்டு ஒரு கிளை திறக்க விரும்புகின்றார். இப்போது ஒப்பந்தம் எழுத வேண்டியவர் நம் இளைஞர்! எல்லை பற்றிய விதியை எப்படி எழுதுவது என்பதே கேள்வி. பழைய வரைபடத்தைப் போலவே மீண்டும் ஒரு படத்தைத் தரையில் விரித்தோம். பலகை மாட்டுவதற்கும் துண்டறிக்கை கொடுப்பதற்கும் மட்டுமே எல்லை. நாடி வரும் பிள்ளையை முகவரி பார்த்துத் திருப்பலாகாது என்று ஒரு வரி எழுதினோம். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அப்பெண் கேட்டார்: “சரிங்க ஐயா. அண்ணன் நிலையம் பழைய நிலையம். எங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாரும் அண்ணங்கிட்டயே போயிட்டா நான் வாடகைக்கு என்னங்க ஐயா பண்றது?”

நமக்கு உடனே விடை தோன்றவில்லை, இளைஞருக்கும் தோன்றவில்லை. அப்படி வரும் பிள்ளையின் கட்டணத்தில் ஒரு பங்கை அண்டை நிலையத்திற்குத் தருவது என்று ஒரு யோசனை; முதல் ஓராண்டிற்கு மட்டும் தருவது என்று மற்றொன்று. வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் மூவரும் மீண்டும் கூடுகின்றோம். ஒப்பந்தத் தாள் வைத்திருப்போர், வைத்திருக்கப் போவோர் எவராயினும் படியொன்றை எடுத்துக்கொண்டு அங்கு வரலாம். ஆங்கில அகராதி நம்மிடம் ஒன்றுதான் உள்ளது. உள்ளவர்கள் கொண்டு வருக.